கரிப்பானை சொன்ன பாடம்

1990-ல் நான் வாழ்க்கைப்பட்டு வந்தது திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் கரையோரம் உள்ள ஒரு கிராமத்துக்கு. அப்போது எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். பருப்பு ஒரே கொதியில் மலர்ந்துவிடும்.

1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிந்ததும் ஊரே பூரித்தது. ஆனால் அணையில் வந்து தேங்கியதோ சாயப்பட்டறைக் கழிவு. கொஞ்சம் கொஞ்சமாகக் கிணறுகளும் கெட்டன. தண்ணீர் உப்புக் கரித்தது. சில நாள் லேசான சிவப்பாகவும் வந்தது. குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் நாலு நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீர்தான். அதிலோ ப்ளீச்சிங் பவுடர் வாடை தூக்கும்.

"பொறு அம்மிணி, நான் ஒரு வழி பண்றேன்" என்றார் என் மாமியார். அவர் பிறந்த வீட்டில் பழகிய முறையாம். கொட்டாங்குச்சிகளைக் குழியில் போட்டு மூட்டி, காற்றுப் புகாமல் மண்ணால் மூடிக் கரியாக்கினார். மூன்று பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மேல் பானையில் மணல், நடுப் பானையில் நொறுக்கிய கரி, அடிப்பானையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

முதலில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினோம். நாற்றம் போயிற்று, நிறமும் கொஞ்சம் மங்கியது. இரண்டே வாரத்தில் பழையபடி சிவப்பு! உப்பு மட்டும் முதல் நாளிலிருந்தே அப்படியே இருந்தது. சரி என்று கரியை மாற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். அடடா! வாடை போன இடம் தெரியவில்லை. மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "இதைப் போய்க் காய்ச்சுவாங்களா?" என்றார். எனக்கும் விறகு மிச்சம், வேலை மிச்சம். நானும் விட்டுவிட்டேன்.

அது 1998, சித்திரை மாதம். என் இளையவனுக்கு ஒன்றரை வயது. ஒருநாள் ராத்திரி வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. விடிவதற்குள் கண் உள்ளே போய், அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுவிட்டான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். "தண்ணியைக் காய்ச்சிக் குடுத்தீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டபோது நான் தலை குனிந்துகொண்டேன். வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமியார், "நானே எம்பட பேரனுக்கு வெனையாயிட்டனே" என்று முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

வீடு திரும்பியதும் பானைகளை உடைக்கப் போனவரைத் தடுத்தவள் என் நாத்தனார் மகள். அப்போது எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மிச்சி, கரி மேல தப்பில்லீங்க. அதோட வேலை என்னன்னு தெரியாம வேலை வாங்கினதுதான் தப்பு" என்று சொல்லி, எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள்.

கரித்துண்டு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளாம். நாற்றமும் சாயமும் அந்த ஓட்டைகளின் சுவரில் போய் ஒட்டிக்கொள்கின்றன. சுவர் நிறைந்துவிட்டால் பிறகு இடமில்லை. அதனால்தான் இரண்டு வாரத்தில் சிவப்பு திரும்பி வந்தது. கரைந்துபோன உப்பை அது பிடிக்கவே பிடிக்காது. கிருமியைக் கொல்லவும் கொல்லாது.

"அப்புறம் அந்த மருந்து வாடை இருக்குதே அத்தை, அதுதான் தண்ணிக்குக் காவல். கரி அந்தக் காவலையே எடுத்துப் போட்டுருச்சு. அதுக்கப்புறம் பானையில நாள் கணக்கா நின்ன தண்ணியில கை பட்டா, சொம்பு பட்டா, கிருமி பெருகாம என்ன செய்யும்?"

எனக்குச் சுரீரென்றது. எந்த வாடையை வெறுத்தேனோ அதுவல்லவா என் பிள்ளையைக் காத்து வந்திருக்கிறது!

அவள் இப்போது ஒரு கல்லூரியில் பேராசிரியை. போன பொங்கலுக்கு வந்தபோது, கரியையும் பக்குவப்படுத்துகிறார்கள் என்றாள். கொட்டாங்குச்சிக் கரியை 900 டிகிரி வாக்கில் நீராவியில் வாட்டினால் ஓட்டைகள் பெருகி, ஒரே ஒரு கிராம் கரிக்குள் ஆயிரம் சதுர மீட்டர்வரை, அதாவது கால் ஏக்கர் பரப்பு கிடைக்குமாம்! பருத்தித் துணிக்குப் போடும் சாயங்கள் பலவும் தண்ணீரில் எதிர்மின் தன்மை கொண்டவை. சாதாரணக் கரியின் மேற்பரப்பும் பெரும்பாலும் அதே தன்மைதான், ஒன்றையொன்று தள்ளிவிடும். அதனால் கரியை இரும்பு உப்பு போன்றவற்றோடு சேர்த்துச் சூடாக்கி அதன் குணத்தை மாற்றுகிறார்களாம். அந்தக் கரி சாயத்தை இழுத்துப் பிடிக்கும். இரும்பு ஏறிய சில வகைக் கரியை வேலை முடிந்ததும் காந்தம் வைத்தே அள்ளிவிடலாம். இதெல்லாம் ஆய்வுக்கூடத்து வேலை, அடுப்படியில் பரீட்சை செய்யக் கூடாது என்றும் சொன்னாள்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை முழுக்கச் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்பது நிபந்தனை. ஆனால் எங்கள் கிணற்றில் அன்று இறங்கிய உப்பு இன்னும் போகவில்லை. அந்தத் தண்ணீரை நாங்கள் வாயில் வைப்பதில்லை.

சகோதரிகளே, நான் பட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். காய்ச்சினால் சாயமும் உப்பும் போகாது. கரியில் வடித்தால் கிருமி சாகாது. குழாய்த் தண்ணீரின் வாடை பிடிக்காமல் கரியில் வடிப்பவர்கள், வடித்த பிறகு தளதளவென்று கொதி வந்தும் ஒரு நிமிஷம் விட்டு இறக்குங்கள். ஆறியதை மூடி வைத்து, கரண்டியால் மொண்டு, அன்றன்றே தீர்த்துவிடுங்கள்.

என் மாமியார் போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. இப்போது சமையலறைச் சுவரில் மின்சார வடிகட்டி தொங்குகிறது. போன மாதம் அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வந்த பையன் ஒரு குழாயைத் தட்டினான். கறுப்புக் குருணை கொட்டியது. "என்ன தம்பி இது?" என்றேன். "கொட்டாங்குச்சிக் கரிதானுங்க அக்கா. நாள் முடிஞ்சுபோச்சு, மாத்தோணும்" என்றான்.

"உடனே மாத்திரு சாமி" என்றேன். இளையவனின் மகளுக்கு இப்போது ஒன்றரை வயது.