முற்றத்தில் ஒரு செஞ்சி

புணே நகரில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் குடியிருப்பில் வாழும் அந்தத் தமிழ்க் குடும்பத்துக்கு 2025ஆம் ஆண்டில் தீபாவளி இல்லை. ஆடி மாதத்தில் ஊரில் ஆயா காலமாகிவிட்டார். பெரியவர் மறைந்த ஆண்டில் வீட்டில் பண்டிகை கொண்டாடுவதில்லை, எண்ணெய்ச் சட்டி அடுப்பேறுவதில்லை, புத்தாடை எடுப்பதில்லை. பெற்றோருக்கு இது பழகிய வழக்கம். ஏழு வயது மகளிடமும் நான்கு வயது மகனிடமும் எப்படிச் சொல்வது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. சொல்லிப் பார்த்தபோது மகன் கேட்டான்: "ஆயா செத்துப்போனா தீபாவளியும் செத்துப்போச்சா?"

அந்தக் கேள்விக்குப் பெற்றோர் இருவரிடமும் விடை இல்லை. தாய் குழந்தை வளர்ச்சித் துறையில் ஆய்வு செய்பவர் என்பதால், விடை இல்லாமற்போனது அவரைக் கூடுதலாக உறுத்தியது.

குழந்தைகள் பிறந்தது முதல் எல்லாத் தீபாவளியும் செஞ்சிக்கு அருகிலுள்ள தந்தையின் ஊரில்தான் நடந்தது. சென்னைவரை இரயில், அங்கிருந்து பேருந்து. வீட்டு மொட்டைமாடியில் நின்றால் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளும் தெரியும். விடியலுக்கு முன்னரே ஆயா குழந்தைகளை உட்கார்த்தி உச்சந்தலையில் எண்ணெய் வைப்பார். இரவில் வெடிச்சத்தம் ஓய்ந்தபின், தேசிங்கு ராஜன் கதையைச் சொல்வார். எவராலும் அடக்க முடியாத குதிரையைச் சிறுவன் தேசிங்கு அடக்கியது, கப்பம் கேட்டு ஆர்க்காட்டு நவாபின் படை வந்தது, மணக்கோலத்தில் இருந்த இசுலாமிய நண்பன் திருமணத்தை விட்டுவிட்டுப் போருக்குப் புறப்பட்டது என்று கதை வளரும். இருவரும் குதிரையேறிக் கோட்டை வாயிலைக் கடக்கும் இடத்தில் ஆயா நிறுத்திவிடுவார். "மிச்சம் அடுத்த தீபாவளிக்கு" என்பார். மறு ஆண்டும் கதை முதலிலிருந்துதான் தொடங்கும். நிற்பதும் அதே இடத்தில்தான். தந்தை சிறுவனாக இருந்தபோதும் அப்படித்தான் நின்றது. அதை மரபு என்று அந்த வீட்டில் எவரும் சொன்னதில்லை.

மரபு என்ற சொல் புணே வீட்டில்தான் அதிகம் புழங்கியது. துறைசார்ந்த வாசிப்பின் தூண்டுதலால், தம் குழந்தைகளுக்கென்று சில குடும்ப மரபுகளை உருவாக்க வேண்டும் எனத் தாய் சில ஆண்டுகளாகவே முயன்றுவந்தார். ஞாயிறு மாலைகளில் அந்த வாரத்து நல்ல நிகழ்ச்சியைத் தாளில் எழுதி ஒரு கண்ணாடிக் குடுவையில் இடுவது. விடுமுறையின் முதல் நாளன்று நால்வரும் ஒரே நிறத்தில் உடுத்திப் படம் எடுத்துக்கொள்வது. மாதம் ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டுக் கதை சொல்வது. எல்லாம் ஆர்வத்துடன் தொடங்கின. ஐந்தாம் ஞாயிறன்று மகள் குடுவையைப் பார்த்து, "இன்னைக்கும் எழுதணுமா?" என்றாள். அதன்பின் குடுவையில் பருப்பு குடியேறியது.

இத்தனைக்கும் அவர் படித்தவற்றில் பிழை இல்லை. குடும்பச் சடங்குகளைப் பண்டிகைகள், அந்தந்தக் குடும்பத்துக்கே உரிய மரபுகள், அன்றாடம் ஓர் ஒழுங்கில் நிகழும் பழக்கங்கள் என மூன்றாக வகுத்து ஸ்டீவன் வோலினும் லிண்டா பென்னெட்டும் 1984இல் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. ஐம்பது ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் பார்பரா ஃபீசும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட கட்டுரை, பழக்கத்துக்கும் சடங்குக்கும் இடையிலான வேறுபாட்டைத் தெளிவாக்கியது. பழக்கம் என்பது செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை. முடிந்ததும் மனத்திலிருந்து அகன்றுவிடும். சடங்கு, செய்பவர்கள் யார் என்பதைச் சொல்கிறது. முடிந்த பிறகும் நினைவில் தங்குகிறது. இதைப் பலமுறை மேற்கோள் காட்டியவர் தாய். எனினும் அவர் சடங்கு என்று கருதி வீட்டுக்குள் கொண்டுவந்தவை ஒவ்வொன்றும் சில வாரங்களில் வீட்டுப்பாடமாக மாறின. காரணத்தை அந்த அக்டோபரில்தான் கண்டுகொண்டார்.

மகாராஷ்டிரத்தில் தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, குழந்தைகள் வீட்டு முற்றத்திலும் குடியிருப்பு வளாகத்தின் மூலையிலும் மண்ணால் கோட்டை கட்டுவார்கள். கில்லா என்பது அதன் பெயர். செங்கல்லையும் கருங்கல்லையும் அடுக்கி, மேலே சேற்றில் தோய்த்த சாக்கைப் போர்த்தி, செம்மண் பூசிக் குன்றாக்குவார்கள். சரிவில் கடுகு தூவித் தண்ணீர் தெளித்தால் சில நாட்களில் முளைத்துக் காடாகும். குயவர்கள் கடைபரப்பும் தெருக்களில் அரியணையில் அமர்ந்த சிவாஜியும், மாவளர் எனப்படும் அவருடைய வீரர்களும் சுடுமண் பொம்மைகளாகக் கிடைப்பார்கள். பெரியவர்கள் மண் சுமந்து தருவதோடு சரி, கோட்டை குழந்தைகளுடையது.

இதுவரை தீபாவளி நாட்களில் ஊருக்குப் போய்விட்டதால் இந்தக் குழந்தைகள் கில்லா கட்டியதே இல்லை. இம்முறை வளாகத்துப் பிள்ளைகள் வந்து கூப்பிட்டார்கள். தந்தை தயங்கினார். தாயை இழந்து மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. விளக்கேற்றாத வீட்டுப் பிள்ளைகள் பண்டிகை விளையாட்டில் சேரலாமா என்பது அவருடைய தயக்கம். தொலைபேசியில் தாத்தாவிடம் கேட்டார். மறுமுனையில் சற்று நேரம் அமைதி. பிறகு, "மண்ணுல விளையாடறதுக்கு ஏதுடா தீட்டு? போவட்டும் விடு" என்றார் அவர்.

எந்தக் கோட்டையைக் கட்டுவது என்பதில் முதல் நாளே வழக்கு எழுந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு, சிவாஜி 1674இல் முடிசூடிய இராய்கட் வேண்டும். மகள் செஞ்சி என்றாள். அப்படி ஒரு கோட்டையை எவரும் கேள்விப்பட்டதில்லை. பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன்தான் தீர்ப்பளித்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்ற மராட்டிய இராணுவ நிலப்பரப்பில் பன்னிரண்டு கோட்டைகள் உண்டு. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்க, எஞ்சிய ஒன்று தமிழ்நாட்டின் செஞ்சி. பள்ளியில் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்திருந்ததால் அவன் சொன்னதற்கு மறுப்பு இல்லை.

அந்தச் செய்தி வந்த நாளில் தந்தை ஊருக்குத் தொலைபேசியில் பேசியிருந்தார். "நம்ம மலைதானே, அதுக்கு எதுக்குப் பட்டம்?" என்று ஆயா சிரித்தார். அதன்பின் அவர் அதிக நாள் இருக்கவில்லை.

பெற்றோர் தமக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். மராட்டியர் கட்டிய கோட்டையன்று செஞ்சி. கோனார் தலைவர்கள், விசயநகர நாயக்கர்கள், பீசப்பூர் சுல்தான்கள் எனப் பலர் கைமாறி வந்தது. 1677இல் சிவாஜி அதைக் கைப்பற்றினார். அவர் மகன் இராஜாராம், முகலாயர் துரத்த, 1689இல் தெற்கே வந்து அங்கேதான் அடைக்கலம் புகுந்தார். நெடுங்கால முற்றுகைக்குப் பின் 1698இல்தான் கோட்டை வீழ்ந்தது. தம் அரசர் உயிர் பிழைக்க ஓடிவந்த இடம் தம் தோழியின் ஊர் என்பது வளாகத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய செய்தியாக இருந்தது. செஞ்சி அந்த நொடியே அவர்களுடைய கோட்டையும் ஆனது.

கட்டுவதற்கு நான்கு நாட்கள் பிடித்தன. மூன்று குன்றுகளுக்குச் செங்கல் போதவில்லை. காலணிப் பெட்டிகள் மண்ணுக்குள் புதைந்தன. இராஜகிரியின் உச்சிக்கு முன்னால் ஒரு பிளவு உண்டு, அதைச் சிறு பாலத்தால்தான் கடக்க முடியும் என்று மகள் பிடிவாதமாகச் சொன்னதால், பனிக்கூழ்க் குச்சிகளால் பாலம் வந்தது. கல்யாண மகாலுக்கு அடுக்கடுக்காகத் தீப்பெட்டிகள். மூன்றாம் நாள், கடுகுக்குத் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பிலிருந்த மகன் ஒரு வாளி நீரை அப்படியே கவிழ்த்ததில் கிருஷ்ணகிரி சரிந்து விழுந்தது. அவன் அழுதான்; பெரிய பிள்ளைகள் கத்தினார்கள். மேல்மாடியிலிருந்து பார்த்த தாய் இறங்கி ஓடினார். படிக்கட்டின் பாதியில் நின்றுவிட்டார். கீழே மகள், "செஞ்சிய பீரங்கி வச்சு அடிச்சாங்கல்ல, அதுதான் இது" என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சரிந்த குன்று போர்க்களமாக மாறியது. அதைத் திரும்பக் கட்டுவதில்லை என்று முடிவாயிற்று.

குடுவையும் ஒருநிற உடையும் ஏன் நிலைக்கவில்லை என்பது தாய்க்கு அந்தப் படிக்கட்டில் விளங்கியது. அவற்றில் குழந்தைகள் செய்வதற்கு மெய்யான வேலை எதுவும் இல்லை. அவர் வகுத்த வடிவத்துக்குள் அவர்கள் வந்து நிற்க வேண்டும், அவ்வளவே. கெட்டுப்போகக்கூடிய எதையும் அவர் அவர்கள் கையில் தரவில்லை; ஆகவே, சரிசெய்து தமதாக்கிக்கொள்ளவும் எதுவும் இருக்கவில்லை. கோட்டை அப்படியன்று. அது சேறு, சண்டை, சரிவு எல்லாவற்றையும் தாங்கியது. நான்கு வயதுக்காரனின் பிழைக்கும் அதில் இடம் இருந்தது.

தொன்மையானவையாகத் தோன்றும் மரபுகள் பலவும் அண்மையில் புனையப்பட்டவை என்பதை எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த நூல் எடுத்துக்காட்டியது. ஆய்வுலகில் அது ஐயத்தை எழுப்பும் கருத்தாகவே பெரும்பாலும் கையாளப்படுகிறது. குழந்தைகளிடம் அதற்கு இன்னொரு முகம் உண்டு. சிறு குழந்தைக்கு இரண்டு முறை நடந்தது 'எப்போதும்' நடப்பதாகிவிடுகிறது. பழமை அதற்கு ஒரு பொருட்டன்று. மீண்டும் வரும் என்ற உறுதியே பொருட்டு. "மிச்சம் அடுத்த தீபாவளிக்கு" என்று ஆயா ஆண்டுதோறும் கொடுத்துவந்தது அந்த உறுதியைத்தான். கதையை முடிக்காமல் வைத்ததால், அடுத்த ஆண்டு அவர் இருப்பார் என்பதும் அந்தக் கதையின் பகுதியாக இருந்தது. இந்த ஆண்டு முறிந்தது அதுவே. மகன் தன் கேள்வியில் கேட்டதும் அதையே.

நரக சதுர்த்தசியன்று, அக்டோபர் 20 விடியலில், அண்டை வீடுகளில் எண்ணெய்க் குளியல் நடந்தது. மராட்டியர் வழக்கப்படி, காரீட் எனும் கசப்புக் காயை நரகாசுரனாக எண்ணிக் காலால் மிதித்து உடைத்தார்கள். தமிழ்க் குடும்பத்தின் கதவு மூடியிருந்தது. சற்று நேரத்தில் எதிர்வீட்டு மராட்டிய மூதாட்டி சக்லியும் கரஞ்சியும் நிறைந்த தட்டுடன் வந்தார். துக்க வீட்டில் அடுப்பில் எண்ணெய் காயாது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. அவர் ஊரிலும் அதுதான் வழக்கம்.

மாலையில் கோட்டையைச் சுற்றிப் பிள்ளைகள் அகல் வைத்தார்கள். சிவாஜி கல்யாண மகாலுக்கு முன் அமர்ந்தார். மாவளர் மதிலில் நின்றார்கள். வாயிலருகே இரண்டு குதிரைவீரர்களை மகள் தனியாக வைத்திருந்தாள். யார் அவர்கள் என்று கேட்டார்கள். மராட்டியும் இந்தியும் கலந்த மொழியில் அவள் தேசிங்கின் கதையைச் சொல்லத் தொடங்கினாள். இராஜாராமுக்குப் பிறகு வந்தவன் தேசிங்கு, மராட்டியன் அல்லன் என்று பெரிய சிறுவன் திருத்தினான், அவள் பொருட்படுத்தவில்லை. குதிரையை அடக்கிய இடத்தில் ஆயாவைப் போலவே தொடையில் தட்டினாள். நண்பர் இருவரும் வாயிலைக் கடந்ததும் நிறுத்தினாள். "பாக்கி அடுத்த தீபாவளிக்கு" என்றாள். பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். சற்றுத் தள்ளி நின்றிருந்த தந்தை திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

இரவு படுக்கையில் அவள் கேட்டாள்: "அப்பா, அந்த மிச்சக் கதை உனக்குத் தெரியுமா?"

தெரியும். பன்னிரண்டு வயதில் தெருக்கூத்து மேடையில் அவர் அதைப் பார்த்திருக்கிறார். சொல்லாமல் தட்டிக்கழிக்க நினைத்தார்; ஆடியில் மகளிடம் எத்தனையோ விதமாகத் தட்டிக்கழித்தது நினைவுக்கு வந்தது. சொன்னார். 1714இல் நடந்த அந்தப் போரில் தேசிங்கு இறந்துபோனான். நண்பனும் இறந்தான். தேசிங்கின் இளம் மனைவி அவனுடன் தீயில் இறங்கினாள் என்பதையும் மறைக்கவில்லை.

நெடுநேரம் அவள் பேசவில்லை. தூங்கிவிட்டாள் என்றே எண்ணினார்.

"அதனாலதான் ஆயா சொல்லலையா?"

"ஆமாம்னு நெனைக்கிறேன்."

அவள் புரண்டு, பக்கத்தில் உறங்கும் தம்பியைப் பார்த்தாள். "இவனுக்கு இப்ப வேணாம்பா. அடுத்த வருஷமும் நான் பாதிதான் சொல்வேன்" என்றாள்.