ஈரத் தானியமும் எங்கள் பழைய காரும்



எங்கள் வீட்டு மாருதி 800, 1998ஆம் ஆண்டு மாடல். வாப்பா ஜித்தாவிலிருந்து காயல்பட்டினத்துக்கே திரும்பி வந்தபோது வாங்கியது. அவர்கள் மவுத்தான பிறகு அதற்கு அதிக வேலை இல்லை. காக்காவும் தம்பியுமான நாங்கள் இருவரும் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் வரை ஓட்டுவோம். வாரம் ஒருமுறை கடைத்தெரு. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் அது ஓடிய நாட்கள் குறைவு.

சென்ற ஆண்டு சைலன்சர் சத்தம் போடத் தொடங்கியது. முதலில் உறுமல், பிறகு முழக்கம். தெருமுனையில் திரும்பும்போதே பிள்ளைகள் கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள். கடற்காற்றின் உப்பே காரணம் என்று நினைத்திருந்தோம். அது பாதிதான் உண்மை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்கு சூடேறி ஆவி முழுதும் வெளியேறிவிடும். பள்ளிவாசல் வரை போய் நிற்கும் வண்டியிலோ, சைலன்சர் சூடேறும் முன்பே எஞ்சின் அணைந்துவிடும். ஆவி உள்ளேயே நீராகித் தங்கி, புகையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து தகரத்தை அரிக்கும். வாப்பாவின் காரை அதிகம் ஓட்டாமல் பத்திரப்படுத்துகிறோம் என்ற எண்ணத்தில் நாங்களே அதைத் துருப்பிடிக்க வைத்திருக்கிறோம்.

விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். முழக்கமிடும் வண்டியை யார் வாங்குவார்? பழைய எண்ணெய் டின் ஒன்றை வெட்டி, சைலன்சரின் ஓட்டையைச் சுற்றி வளைத்து, சூடு தாங்கும் பசையைப் பூசிக் கம்பியால் இறுக்கினோம். வண்டி ஊமையானது. பக்கத்து ஊர் வாலிபர் ஒருவர் வந்தார். மனைவியையும் கைக்குழந்தையையும் மழையில் நனையாமல் அழைத்துப்போக ஒரு வண்டி வேண்டும் என்றார். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். வண்டி சத்தமில்லாமல் ஓடுகிறது என்று மகிழ்ந்தார். 45,000 ரூபாய்க்குப் பேசி, 5,000 முன்பணம் தந்தார். ஒட்டுப் போட்டதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஏமாற்றும் எண்ணம் அப்போதே எங்களுக்கு இருந்ததா என்பதைப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறோம். இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

வண்டியை ஒப்படைக்கும் முன் உம்மாவைக் கண் மருத்துவருக்குக் காட்ட அதே காரில் தூத்துக்குடி புறப்பட்டோம். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். ஐப்பசி மழை, கண்ணாடிகளை முழுதும் ஏற்றியிருந்தோம். ஆத்தூர் தாண்டியதும் உம்மா தலை கனக்கிறது என்றார்கள். பின்னிருக்கையில் இருந்த சிறியவன் வாந்தி எடுத்தான். பழையகாயல் அருகே நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்தோம். சற்று நேரத்தில் இருவரும் தெளிந்தார்கள். வெறும் வயிற்றில் கிளம்பியதுதான் காரணம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். திரும்பும் வழியிலும் அதுவே நடந்தபோது அந்தக் காரணம் நிற்கவில்லை.

மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் எஞ்சினை ஓடவிட்டு, கனத்த ஈரத்துணியால் குழாயின் வாயை ஒரு கணம் அடைத்தார். வாய் அடைபட்டால் புகை வேறு ஓட்டைகளைத் தேடும். வண்டியின் நடுப்பகுதியிலிருந்து சீறல் கேட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு, முன்குழாயில் திருப்புளியின் நுனியை வைத்தார். அழுத்தக்கூட இல்லை, உள்ளே போய்விட்டது. “பாய், சத்தம் பின்னால வந்துச்சு, அதை அடைச்சிட்டீங்க. ஓட்டை முன்னாலயும் இருக்கு” என்றார். பின்னிருக்கையின் கால்மிதியைத் தூக்கிக் காட்டினார். தரைத் தகட்டில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே மண் தெரிந்தது.

புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் சேரவேண்டிய இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழாமலே போனவர்கள் உண்டு. காருக்குள் ஏறினால் தலை வலித்து, இறங்கினால் தெளிகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், தயவுசெய்து அதைப் பித்தம் என்று தள்ளிவிடாதீர்கள்.

முன்குழாய், சைலன்சர், தரைத் தகட்டு வெல்டிங் எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய் ஆகும் என்றார். வீடு திரும்பும்போது எங்களுக்குள் ஒரு பேச்சு எழுந்தது. பழைய வண்டி என்று தெரிந்துதானே வாங்குகிறார், வாங்கியபின் அவரே பார்த்துக்கொள்ளட்டுமே! சொன்னது யார் என்று இங்கே எழுத வேண்டாம். இருவர் மனத்திலும் அது இருந்தது.

உம்மாவிடம் நடந்ததைச் சொன்னோம். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட செய்தியை எங்களுக்குச் சிறுவயதில் சொல்லித் தந்தவர்கள் அவர்கள்தான். அந்த வியாபாரியாவது மழை நனைத்ததை மேலே போடாமல் விட்டார். நாங்கள் டின் வெட்டி மூடியிருந்தோம். உம்மா அதையெல்லாம் எடுத்துச் சொல்லவில்லை. “அந்தப் புள்ளைக்கு எத்தனை மாசம் வாப்பா?” என்று மட்டும் கேட்டார்கள்.

அன்று அஸருக்குப் பின் வாலிபரை வரவழைத்து, கால்மிதியைத் தூக்கிக் காட்டினோம். குனிந்து வெகுநேரம் பார்த்தார். “நான் ஓட்டிப் பார்த்த அன்னைக்கும் இது இருந்துச்சா?” என்றார். இருந்திருக்கும் என்றோம், சைலன்சரில் ஒட்டுப் போட்டது நாங்கள்தான் என்பதையும் சொன்னோம். பழுதை எங்கள் செலவிலேயே சரிசெய்து தருகிறோம் என்றோம். வேண்டாம் என்றார். முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, ஸலாம் சொல்லிப் போனார். திரும்ப வரவில்லை. அவர் முகத்தில் இருந்தது கோபமாக இருந்திருந்தால் எங்களுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

துருவேறிய நட்டுகளுக்கு இரவு முழுதும் எண்ணெய் விட்டும் இரண்டு உடைந்தன. மூன்று நாள் வேலை. கார் இப்போதும் எங்களிடமே இருக்கிறது. குழாய் சூடேறி உள்ளிருக்கும் ஈரம் போகட்டும் என்று, ஜும்ஆவுக்குப் பின் திருச்செந்தூர் சாலையில் சற்றுத் தூரம் ஓட்டித் திரும்புகிறோம். சில வாரம் உம்மாவும் வருவார்கள். மழை பெய்தாலும் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவைத்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள்.