மூச்சும் பொன்னோடும்

தில்லைச் சிற்றம்பலத்தின் கூரையில் வேய்ந்த பொன்னோடுகள் 21,600 என்றும், அவற்றைப் பிணித்த ஆணிகள் 72,000 என்றும் வழிவழியாகக் கூறுவர். ஓடுகள் ஒருவன் ஒரு நாளில் விடும் மூச்சின் தொகையையும், ஆணிகள் உடம்பிலுள்ள நாடிகளின் தொகையையும் குறிப்பனவாம். கணக்கு எளிது. நிமிடத்துக்கு 15 மூச்சாக நாழிகைக்கு 360. நாழிகை 60 கொண்டது ஒரு நாள். ஆகத் தொகை 21,600. வளர்ந்தோர் அமைதியாக இருக்குங்கால் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுவர் என்பது இக்கால உடனூலார் துணிபு. 15 அதனுள் அடங்கும்.

இவ்வொற்றுமையைக் கேட்டுச் சிலர் மகிழ்ந்து அமைவர். வேறு சிலர்க்கோ அச்சம் பிறக்கும். வாழ்நாள் மூச்செண்ணால் அளக்கப்பட்டது என்னும் வழக்கும் நாட்டில் உண்டன்றோ! இரைப்புநோயுற்ற முதியவர் ஒருவர் நிமிடத்துக்கு 30 மூச்சு விடுவாராயின், தமக்கு அளந்து வைத்த இருப்பு இருமடங்கு விரைவிற் கரைகின்றதே என்று ஏங்குவர். நோயினும் இவ்வேக்கம் கொடிது. பிறந்த குழவி நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடுவது இயல்பு. அக்குழவி தன் வாழ்நாளை வாரியிறைக்கின்றது என்பார் யார்?

மூச்சு நிகழுமாறு இது. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே கவிந்த குடைபோல உதரவிதானம் என்னும் தசை உளது. அது சுருங்கிக் கீழிறங்க, விலாவெலும்புகள் மேலெழ, மார்பறை விரியும், அறை விரிய நுரையீரல் விரியும், வெளிக்காற்று உட்புகும். நுரையீரல் தானே விரியும் ஆற்றல் உடைத்தன்று. தசை தளர்ந்தவழி அது தன் நெகிழ்ச்சியாற் சுருங்கக் காற்று வெளிப்படும். மூச்சுக்குழல் இரண்டாய்க் கிளைத்து, அவை மீண்டும் மீண்டும் கிளைத்து, ஏறத்தாழ 23 படி கடந்து நுண்ணறைகளில் முடியும். அவ்வறைகள் 30 கோடி முதல் 50 கோடி வரை உள என்பர். அவற்றின் மெல்லிய சுவர் வழியே பிராணவாயு குருதியிற் கலக்கும், கரியமிலவாயு வெளிப்போதும். (ஈண்டுப் பிராணவாயு என்றது காற்றிலுள்ள ஒரு கூற்றினை. நூல்கள் கூறும் தசவாயுக்களுள் ஒன்றாகிய பிராணனோடு இதனை ஒன்றெனக் கொண்டு இடர்ப்படுவார் பலர்.)

ஒரு மூச்சில் உட்புகும் காற்று ஏறத்தாழ 500 மில்லிலிட்டர். அதில் 150 குழல்களிலேயே நின்று, நுண்ணறை சேராது மீளும். விடும் மூச்சு 12 விரல் செல்ல, 8 விரல் மீள, 4 விரல் கழியும் என்பது யோகநூல் வழக்கு. மூன்றில் ஒன்றும் பத்தில் மூன்றும் அணுகிய அளவின ஆதலின் இரண்டும் ஒன்றே என முழங்கத் தோன்றும். அது பொருந்தாது. யோகியர் கூறியது வெளியே கழிவது. உடனூலார் கூறுவது உட்புகுந்தும் பயன்படாதது. எண் ஒத்ததனாற் பொருள் ஒத்துவிடாது.

உண்மையான ஒற்றுமை வேறோரிடத்து உளது. 500 வீதம் 15 மூச்சு விடினும் 250 வீதம் 30 மூச்சு விடினும், நிமிடத்துக்கு உட்புகுவது 7,500 மில்லிலிட்டரே. குழலில் நிற்கும் 150ஐ ஒவ்வொரு மூச்சினும் கழித்தால், முன்னவன் நுண்ணறைக்கு எய்துவது 5,250, பின்னவனுக்கு 3,000. மெல்ல ஆழ்ந்து விடும் மூச்சின் சிறப்பு இவ்வளவில் வெளிப்படை.

திருமூலர் பூரகத்துக்கு 16 மாத்திரையும் இரேசகத்துக்கு 32 மாத்திரையும் வகுத்தது, உள்வாங்குவதினும் விடுவதை இருமடங்கு நீட்டியதாம். இடையே கும்பகத்துக்கு அவர் வகுத்த 64 மாத்திரையை இரைப்புடையார் தாமே முயலுதல் தகாது. அவர்க்கு மூச்சு விரைவது குழல் ஒடுங்கியதன் குறி. அவர் நாடவேண்டியது மருத்துவரை.

மூச்சை நீட்டுதற்கு யோகியர்போல் அமர்தலும் வேண்டுவதன்று. ஓதுவார் பண்ணிசைக்குங்கால் சட்டென உள்வாங்கி நெடிது விடுகின்றனர். குரல் எழுவது பெரும்பாலும் வெளிமூச்சிலன்றோ! கல்லோடு பிணித்துக் கடலிலிடப்பட்ட நாவரசர் கடலூரையடுத்த திருப்பாதிரிப்புலியூரிற் கரையேறினார். அவர் மூச்சடக்கி உய்ந்தார் எனச் சேக்கிழார் கூறினாரல்லர். பதிகம் பாடினார் என்றே கூறினார்.

இனி, அஞ்சிய முதியவர்க்கு விடை. பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் வினைக்கேற்பக் கருவிலேயே அமைந்தன என்று சித்தியார் கூறும். ஆண்டு மூச்செண் பேசப்படவில்லை. மெய்கண்டார் மூன்றாம் சூத்திரத்துப் பிராணனே ஆன்மா என்பாரை மறுத்தார். உறக்கத்தும் மூச்சு இயங்குகின்றது. ஆயினும் உண்டலும் தொழிலும் ஆண்டு இல்லை. ஆதலின் மூச்சு ஆன்மா அன்று என்பது அவர் காட்டிய ஏது. உறங்குவான் அறியாமலே அம்மூச்சு ஓடுதற்குக் காரணம், குருதியிற் கரியமிலவாயு சிறிது மிகினும் அதனை உணர்ந்து தசையை ஏவும் முகுளம் என்னும் மூளைப்பகுதி என உடனூலார் கண்டனர். பொன்னோடுகளை அண்ணாந்து எண்ணிச் சோர்ந்த முதியவர் வீடு சென்று கண்ணயர்ந்தாலும், அவர் மூச்சை அது நடத்திக்கொண்டே இருக்கும்.