கட்டுக்கு மேல் ஒரு குறிப்பு

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். கணினிச் சங்கதியெல்லாம் அரைகுறைதான். தீபத்துக்கு வந்த பேரன் மெசேஜ்பேக் என்று ஒன்றைக் காட்டினான். 2008-இல் ஜப்பானியர் ஃபுருஹாஷி தொடங்கியது. தகவலைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்புமாம். பைத்தான் மொழியில் 'திருவண்ணாமலை' என்பதை ஜேசான் முறையில் அப்படியே கட்டினால் 74 பைட், இதில் 38.

ஆரம்பத்தில் எழுத்தோ படமோ, எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை. பிரிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். 2013-இல் இரண்டுக்கும் தனி அடையாளம் வைத்தார்கள். ஆனால் பழைய கட்டுகளும் பிரிய வேண்டுமே! பைத்தானுக்கான நிரல் தொகுப்பு 2020-இல், 1.0 பதிப்பில்தான் புதுமுறையை வழக்கமாக்கியது. "ஏழு வருஷமா? எங்க ஆபீஸே தேவலைடா" என்றேன். சிரித்தான்.

எனக்குத்தான் சிரிப்பு நிற்கவில்லை. ஒருமுறை பணிப்பதிவேடு ஒன்றை முகப்புக் கடிதம் வைக்காமல் தபால் கட்டில் அனுப்பிவிட்டேன். போன இடத்தில் பழைய காகிதமென்று அலமாரியில் போட்டுவிட்டார்கள். இறந்துபோன கடைநிலை ஊழியரின் பதிவேடு அது. அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் எட்டு மாதம் தள்ளிப்போனது. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாராவாரம் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்.