இரண்டாவது தட்டு

பச்சைப்பயறு, தட்டுக்கு ஐம்பது. எண்ணித்தான் போட்டேன். ஈரப் பஞ்சு விரித்த எவர்சில்வர் தட்டு இரண்டில் ஒன்று வைஃபை மோடத்தின் தலைமேல், இன்னொன்று அடுக்களை அலமாரியில். மூன்றாம் நாள் அலமாரித் தட்டில் வால்வாலாக முளை நீட்டியிருந்தது. மோடத்தின் மேலிருந்த பயறு சுருங்கி, பஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். கைதட்டாத குறை. உடனே ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தேன்.

யோசனை என்னுடையதல்ல. 2013இல் டென்மார்க்கில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் ஐந்து பேர் பன்னிரண்டு தட்டுகளில் கிரெஸ் என்கிற கீரை விதையைத் தூவி, ஆறு தட்டை வைஃபை ரவுட்டர் இருந்த அறையிலும் ஆறை அது இல்லாத அறையிலும் வைத்தார்கள். ரவுட்டர் பக்கத்தில் பெரும்பாலும் முளைக்கவில்லை. படம் உலகம் முழுக்கச் சுற்றியது. கருவியின் சூட்டில் ஈரம் காய்ந்திருக்கலாமே என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. அவர்கள் கேள்விக்கு அந்த அளவு ஓட்டம் கிடைக்கவில்லை.

என் வீட்டில் அதைக் கேட்டது மனைவி. "மோடத்தத் தொட்டுப் பாருங்க, இட்லிப் பானை மாதிரி இருக்கு. தண்ணி வத்திப்போச்சு, அவ்வளவுதான்."

தொட்டேன். சுட்டது.

மறுபடி செய்தேன். இந்தத் தடவை தட்டை மோடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி முக்காலியில் வைத்தேன். இரண்டு தட்டுக்கும் காலையும் மாலையும் அதே கரண்டியில் அளந்து தண்ணீர். மோடத்தின் பக்கத்தில் 47 முளைத்தது. அடுக்களையில் 46. அதையும் படம் எடுத்தேன். கட்டுரையோடு வார இதழுக்கு அனுப்பியது முதல் படத்தை மட்டும்.

2018 டிசம்பர் அது. '2.0' படம் தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்தது. செல்போன் கோபுரங்களால் பறவைகள் சாகின்றன என்று அதில் வரும் பட்சிராஜன் பழிவாங்கக் கிளம்பியிருந்த நேரம். வார இதழ் ஆசிரியருக்கு அவசரம், எனக்கு ஆசை. 'வீட்டுக்குள் ஒரு டவர்' என்று தலைப்பு வைத்தேன். அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் தன் எலி ஆய்வின் இறுதி அறிக்கையை வெளியிட்டிருந்தது. ஆண் எலிகளின் இதயத்தில் கட்டி. அதை எழுதினேன். அந்த எலிகள் மேல் நாளுக்கு ஒன்பது மணி நேரம், இரண்டு வருடம், உடம்பு முழுக்க 2ஜி, 3ஜி அலைகளைப் பாய்ச்சினார்கள் என்பதை எழுதவில்லை. அந்த ஆய்வில் வைஃபை இல்லவே இல்லை. அலை பட்ட ஆண் எலிகள் படாதவற்றைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன என்ற வரியையும் படித்தேன். பென்சிலால் அடிக்கோடுகூடப் போட்டேன். அதோடு சரி.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இந்த அலைகளைப் '2பி' பிரிவில் வைத்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும், உறுதியில்லை என்று அதற்குப் பொருள். நான் 'புற்றுநோய்ப் பட்டியலில் வைஃபை' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டேன். அதே பிரிவில் கிழக்காசிய முறையில் போடும் காய்கறி ஊறுகாயும், கற்றாழையின் முழு இலைச் சாறும் இருக்கின்றன. என் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் அழகுக் குறிப்பு: தினம் கற்றாழைச் சாறு குடியுங்கள். அச்சில் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

தெரியாமல் எழுதியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. வீட்டு மோடம் விடும் அலையின் சக்தி பெரும்பாலும் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குதான், தூரம் இரண்டு மடங்கானால் நம்மை எட்டுவது கால்பங்காகக் குறையும், இந்த அலைக்கு மரபணுவின் பிணைப்பை உடைக்கும் வலு கிடையாது, ஐயமில்லாமல் நிரூபணமான விளைவு சூடு ஒன்றே, அந்தச் சூட்டுக்கும் மோடம் எட்டாத தூரம் என்பதெல்லாம் குறிப்பேட்டில் இருந்தது. காதில் ஒட்டிவைத்துப் பேசும் போனிலிருந்து உடம்புக்குள் போவது இதைவிட எத்தனையோ மடங்கு என்பதும் இருந்தது. கட்டுரையை நான் தட்டியதே மடியில் வைத்த போனில்.

அந்த இதழைப் பாளையங்கோட்டையில் தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டியது என் அம்மா. காட்டிவிட்டு வந்து மோடத்தின் மேல் துண்டைப் போட்டு மூடினாள். தம்பிக்கு அதில்தான் வேலை, அணைக்க முடியாது. அதனால் பகலெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி போனைத் தூக்குவாளிக்குள் போட்டு மூடிவைத்தாள். நான் சென்னையிலிருந்து கூப்பிட்டால் சில நேரம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது. சிக்னல் சரியாகக் கிடைக்காத போன் கோபுரத்தை எட்ட இன்னும் சத்தமாகத்தான் கத்தும். தூக்குவாளிக்குள் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

என் மகளோடு தினமும் ராத்திரி ஏழரைக்கு வீடியோவில் பேசுவாள். அது நின்றுபோனது. கேட்டதற்கு, "ஏய்யா, சின்னப் பிள்ளை மூளைக்கு ஆவாதுன்னு நீதான எழுதியிருக்க?" என்றாள். மகள் ஒரு மாதம் வரைக்கும் "ஆச்சிக்கு என் மேல கோவமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஊருக்குப் போனேன். தம்பி வெளியூரில் இருந்தான். அம்மா நெற்றியில் தைலம் பூசியிருந்தாள். பத்து நாளாக ஒரே தலைவலி, அந்தப் பெட்டியால்தான் என்றாள். துண்டை விலக்கிப் பார்த்தேன். ஒரு விளக்கும் எரியவில்லை. அடாப்டர் தீய்ந்து கறுத்திருந்தது. தம்பி கிளம்பிய மறுநாள் மின்சாரம் கூடிக் குறைந்ததில் போயிருக்கிறது. அந்தப் பத்து நாளும் மோடம் வெறும் பிளாஸ்டிக்.

லண்டன் ஆய்வாளர்கள் 2013இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வைஃபை ஆபத்து பற்றிய தொலைக்காட்சிப் படத்தைச் சிலருக்கும், வேறு படத்தைச் சிலருக்கும் காட்டிவிட்டு, எல்லோரையும் கால்மணி நேரம் வைஃபைக்கு முன் உட்காரவைத்தார்கள். உண்மையில் வைஃபை ஓடவில்லை. பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு உபாதை சொன்னார்கள். முன்பே பதற்றம் கூடியவர்களில், ஆபத்துப் படம் பார்த்தவர்கள் கூடுதலாகச் சொன்னார்கள். கட்டுரைக்குத் தரவு தேடியபோது படித்த ஆய்வு இது. தலைவலி பொய்யில்லை. அம்மாவுக்கு வலித்தது. வலிக்கவைத்தது எது என்று எனக்கு முன்கூட்டியே தெரியும்.

நீண்டகாலக் கேள்வி முழுக்க மூடப்பட்டுவிட்டது என்று இப்போது மறுகோடிக்கு ஓட மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் கேட்டு, 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2024 அறிக்கை, பத்து வருடத்துக்கு மேல் செல்போன் பயன்படுத்தியவர்களிடமும் மூளைப் புற்றுநோய் கூடவில்லை என்கிறது. புற்றுநோய் முகமை இந்த அலைகளை மறுபடி எடைபோட வேண்டியவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. எடைபோடட்டும். என் குற்றம் அதில் இல்லை, முக்காலியில் இருந்த தட்டில் இருக்கிறது.

அன்று ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனில் அந்த இரண்டாவது படத்தையும் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நல்லா முளைச்சிருக்கே. இந்தப் பயற என்ன செஞ்ச?"

"சுண்டல் போட்டுத் தின்னுட்டோம்."

"மோடத்துப் பக்கத்துல இருந்ததையுமா?"

"அதையுந்தான்."

"பிள்ளையும் தின்னாளா?"

"அவதான் நிறையத் தின்னா."

போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்குவாளியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.