துல்கர்னைனும் எம் தந்தையாரும்

வெள்ளிக்கிழமைதோறும் திருக்குர்ஆனின் பதினெட்டாம் அத்தியாயமாகிய 'அல்கஹ்ஃப்' ஓதுவது முஸ்லிம் இல்லங்களில் வழிவழி வந்த வழக்கமாகும். வில்லியனூர்க் கொம்யூனில் அமைந்த எம் எளிய இல்லத்திலும் தந்தையார் அதனை ஓதி முடித்தபின், எம்மை அருகில் அமர்த்தித் துல்கர்னைன் வரலாற்றை எடுத்துரைப்பார். மேற்கும் கிழக்கும் சென்ற அம்மன்னர், யஃஜூஜ், மஃஜூஜ் கூட்டத்தாரின் கொடுமைக்கு அஞ்சிய மக்களுக்காக, இரு மலைகளுக்கிடையே இரும்பாலும் உருக்கிய செம்பாலும் தடுப்புச் சுவர் எழுப்பிய வரலாறு அது. "அவர்தாம் சிக்கந்தர் பாதுஷா" என்று முடிப்பார். கிரேக்கத்து அலெக்சாந்தரையே அவர் குறிப்பிட்டார்.

எம்.ஃபில். பயின்ற நாளில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களின் 'தர்ஜுமானுல் குர்ஆன்' கூறும் கருத்தை அறிந்தோம். துல்கர்னைன் என்பவர் பாரசீகப் பேரரசர் சைரஸே என்பது அப்பெருமகனாரின் துணிபு. 'துல்கர்னைன்' என்பதற்கு இரு கொம்புடையவர் என்பது பொருள். பசார்கடே நகரிலுள்ள சிறகுடைய சிற்பத்தின் முடியில் கொம்புகள் இருப்பதையும், தானியேல் ஆகமத்தில் மேதிய, பாரசீக அரசுகளைக் குறிக்கும் இரு கொம்புக் கடா வருவதையும் அவர் சான்றாகக் காட்டினார்.

புதிதாய்க் கற்ற செருக்கு எம்மைச் சும்மா இருக்க விடவில்லை. உறவினர் கூடியிருந்த ஒரு வெள்ளியன்று, "அத்தா, நீங்கள் இத்தனை காலமும் தவறாகவே சொல்லி வந்தீர்கள்" என்றோம். தந்தையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பெயரைக் கண்டுபிடித்துவிட்டாய். அந்தச் சுவருக்கு அவர் கூலி வாங்கினாரா என்று பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். விடை தெரியாமல் பேச்சை மாற்றுகிறார் என்றே யாம் எண்ணினோம். அதன்பின் அவர் அவ்வரலாற்றை எமக்குச் சொல்லவே இல்லை.

அவர் மறைந்த பின்னரே அவ்வினாவின் ஆழம் புலப்பட்டது. மக்கள் பொருள் தர முன்வந்தபோது, இறைவன் தமக்கு அளித்ததே மேலானது எனக் கூறி, உடலுழைப்பை மட்டும் கேட்டுப் பெற்றார் துல்கர்னைன். சைரஸின் புகழும் இத்தகையதே. கி.மு. 539இல் பாபிலோனை வென்ற அவர், சிறைப்பட்டிருந்த யூதர்கள் எருசலேம் திரும்ப இசைந்தார் என்று விவிலியம் கூறுகிறது. 1879இல் பாபிலோனில் கிடைத்து, இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள களிமண் உருளையும், இடம்பெயர்க்கப்பட்ட மக்களை அவரவர் ஊர்களுக்கு அனுப்பியதைப் பேசுகிறது. 2013இல் அது மும்பைக்கும் வந்து சென்றது. அதனை மனித உரிமையின் முதற் சாசனம் என்பாரும் உளர். வென்றவர் தம்மைப் புகழ்ந்துகொண்ட மரபுவழி ஆவணமே என்பாரும் உளர். ஆசாத் கருத்தையும் அறிஞர் அனைவரும் ஏற்றிலர். அவ்வாறிருக்க, தந்தையாரைத் தவறென்று தீர்ப்பளிக்க யாம் யார்?

தொலைவு செல்வானேன்? எம் அண்டைக் கொம்யூனாகிய பாகூரின் செப்பேடுகள், ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், அவ்வூர் வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைச் சொல்கின்றன. பல்லவர் படை எங்கே? பாரசீகர் தேர் எங்கே? பிறர்க்கென ஈந்தவையே நின்று பேசுகின்றன.

இன்று எம் மக்களுக்கு அவ்வரலாற்றை யாம் சொல்லுகையில், அலெக்சாந்தர் என்பார் கருத்தையும் சைரஸ் என்பார் கருத்தையும் கூறி, "அல்லாஹ்வே நன்கறிந்தவன்" என்கிறோம். இறுதியில் தந்தையாரின் வினாவையும் கேட்கிறோம். அவரிடம் நேரில் கூற இயலாத மன்னிப்பு அதுவே.

மாணவச் செல்வங்களே! ஆய்ந்து பெயர்களைக் கண்டறியுங்கள், அது கல்வி. கண்டறிந்ததைப் பெரியோர் மனம் நோகாமல் சொல்லப் பழகுங்கள். அது கல்வியின் பயன்.