உப்புப் பிடித்த எஞ்சின்

கடலில் ஓடும் எஞ்சினுக்குத் தெமட்டகொடையில் என்ன வேலை என்று கேட்கலாம். ரயில் எஞ்சின் கொட்டகைக்குப் பேர்போன இடம் இது. ஆனால் லேத் பட்டறை இருக்கும் இடத்துக்கு எந்த இரும்பும் வந்து சேரும். 2011இல் கற்பிட்டியிலிருந்து மாமா தனது பழைய 15 குதிரைவலு யமஹாவை மீன் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பட்டறையில் இறக்கினார்.

கோளாறு சின்னது. குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கும் ரப்பர்ச் சில்லு தேய்ந்து, எஞ்சின் சூடேறியது. அதை மாற்றுவதற்கு, விசிறி பூட்டிய கீழ்ப்பகுதியைக் கழற்ற வேண்டும். போல்ட்கள் கழன்றன. கியர்க் கம்பியும் விடுபட்டது. கீழ்ப்பகுதி மட்டும் அசையவில்லை.

எஞ்சினின் வலுவைக் கீழே கொண்டுபோவது ஒரு நெடிய உருக்குத் தண்டு. அதன் மேல்நுனிப் பற்கள் எஞ்சினுக்குள் பொருந்தியிருக்கும். இடைக்கிடை கழற்றி கிறீஸ் பூசாவிட்டால் அங்கே துரு ஏறிவிடும். உருக்கும் அலுமினியமும் தொட்டபடி உப்புநீரில் கிடந்தால் அரிபடுவது அலுமினியம்தான்; அதன் வெள்ளைப் பொடி இடைவெளிகளை அடைத்து சிமெந்துபோல் இறுகும்.

"தண்டை வெட்டுவோம், பத்து நிமிட வேலை" என்றார் சிங்களவரான பட்டறைப் பாஸ். புதுத் தண்டின் விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் வேறு பழைய எஞ்சினே வாங்கலாம் என்றும் சொன்னார். நியாயமான பேச்சுத்தான். மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் மன்னார்த் தீவு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கரையில் காத்துக் கிடந்தவர்களை ஏற்றிவர மாமாவின் படகும் போனது, இதே எஞ்சினோடு. எத்தனை நடை என்று கேட்டால் சொல்லமாட்டார். மழையில் ஒரு தாய் கைக்குழந்தையை எஞ்சின் மூடியின் சூட்டோடு சேர்த்துப் பிடித்திருந்ததை மட்டும் சொல்வார். பழைய சாமானை ஸியாரமாக்கும் பழக்கம் எனக்கில்லை. அன்றைக்கு ஏனோ வாயைத் திறக்கவில்லை.

எஞ்சினைத் தலைகீழாக நிறுத்தி, துருநீக்கும் எண்ணெயைத் தண்டின் வழியே விட்டு, இரவு முழுக்க ஊறவைத்தார்கள். காலையில் காஸ் சுடரால் மூட்டைச் சுற்றி மெல்லச் சூடு காட்டினார்கள். ஒரே சூட்டில் அலுமினியம் உருக்கைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும்; பிடி தளர அது போதும். பிறகு இரு பக்கமும் மர ஆப்பு, ஒரே அளவில். ஒரு பக்கம் மட்டும் ஆத்திரப்பட்டு நெம்பினால் வார்ப்பு வெடித்துவிடும்.

"ஸபூர் செய்ங்க மகன்" என்றார் மாமா, நான் மணியைப் பார்ப்பதைக் கண்டு.

பகல் பிளேன்டி குடிக்கும்போது அவர் பாஸிடம் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் ஏதோ நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்த பாஸ், வெளியே கிடந்த இரும்பு வாளை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரம் மூட்டில் மயிரிழை இடைவெளி தெரிந்தது. பாஸ் தட்ட, மாமா ஆட்ட, தண்டு முழுசாக வெளியே வந்தது. பற்கள் தேய்ந்திருந்தன, உடைந்திருக்கவில்லை.

புதுச் சில்லுப் போட்டு, பீப்பாய்த் தண்ணீரில் நிறுத்தி ஓடவிட்டார்கள். பின்பக்கத் துவாரத்தால் தண்ணீர் பீறிட்டது. மாமா அதில் கையை நீட்டிச் சூடு பார்த்தார்.

"காணும்" என்றார்.